மூன்றாவது சிவப்பு அட்டை

நடைப்போட்டி நடுவர்களாகப் புதிதாகத் தேறியிருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். "விதியெல்லாம் கிளாஸ்லயே நடத்திட்டோம். நீங்க மனசுல நிக்கற மாதிரி எதனா எழுதுங்க மேடம்" என்றார் கேட்க வந்தவர். உற்சாகம் தருகிற கதையாக எதிர்பார்த்திருப்பார். இத்தனை வருஷம் கோட்டோரம் நின்றதில் என் மனதில் நின்றது ஒரே ஒருவனின் கதைதான். அதைப் படித்துவிட்டு உங்களில் யாராவது இந்த வேலையே வேண்டாம் என்று போனால் நான் தடுக்க மாட்டேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வேகநடையில் இரண்டே குற்றங்கள். எந்த நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எழும்பினால் அது ஓட்டம். முன்னால் வைக்கிற கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதன்மேல் நேராக வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. இதை வெறும் கண்ணால் பார்க்க வேண்டும். கேமரா உதவிக்கு வராது. தப்பு நெருங்குகிறது என்றால் கைப்பிடி வைத்த மஞ்சள் வட்டைக் காட்டி எச்சரிக்கிறோம். தப்பு நடந்துவிட்டது என்று உறுதியானால் சிவப்பு அட்டை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புகிறோம். மூன்று நடுவர்கள் தனித்தனியாக எழுதினால் அந்த ஆள் வெளியே. இப்போது பெரிய போட்டிகளில் மூன்று அட்டை வாங்கியவரை ஓரமாகக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து மறுபடி நடக்க விடுகிறார்கள். நான் சொல்லப்போகிற போட்டி நடந்தபோது அந்த ஏற்பாடு இல்லை.

எனக்கு இந்த வேலையைக் காட்டிக்கொடுத்த மூத்த நடுவர் ஒருவர் இருந்தார். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. என் முதல் போட்டியில் ஒரு பெண் முட்டி மடங்கி மடங்கி வந்தாள். அழுதுகொண்டே வந்ததால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த வளைவுகளில் இருந்தவர்கள் எழுதினார்கள். கடைசிச் சுற்றில் அவளை வெளியேற்றினார்கள். சாயங்காலம் டீ குடிக்கும்போது அவர் என்னிடம் சொன்னார்: "நீ அந்தப் பொண்ணு மேல பரிதாபப்பட்டதா நெனச்சிக்கினு இருக்கற. ஒண்ணும் இல்லாததுக்கு அவள இன்னும் கொஞ்சம் வெயில்ல நடக்கவெச்ச, அவ்ளோதான்." அன்றிலிருந்து பார்த்ததை எழுதத் தயங்கியதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இனி ஏழுமலை.

நானும் அவனும் ஒரே வயது, ஒரே பள்ளி. நான் மரக்காணம் பஜார் பக்கம். அவன் வீடு உப்பளத்தை ஒட்டி. அப்பா, அம்மா இரண்டு பேரும் உப்பு வாருகிறவர்கள். பள்ளியில் நடைப்போட்டிக்குப் பெயர் கொடுக்க யாரும் வராததால் எங்கள் இரண்டு பேரையும் பி.டி. சார் பிடித்துப் போட்டார். காலையில் பாண்டிச்சேரி போகிற கார்கள் கிளம்புவதற்கு முன்னால் ஈ.சி.ஆர். ஓரமாக நடப்போம். இடுப்பை வளைத்து நடப்பதைப் பார்த்து பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிக் கத்துவார்கள். எனக்கு அழுகை வரும். ஏழுமலை கையை ஆட்டி, "வாங்கண்ணா, நீங்களும் எறங்கி வாங்க!" என்பான்.

என் முட்டி சீக்கிரமே போய்விட்டது. உடற்கல்வி ஆசிரியையாகி வானூர் பக்கம் வேலைக்குப் போனேன், நடுவர் தேர்வு எழுதினேன். அவன் நடந்துகொண்டே இருந்தான். தேசிய முகாம் வரைக்கும் போனான். இந்தியச் சட்டை போட்டு வெளிநாடும் போய்வந்தான். ஆனால் பெரிய போட்டி வந்தால் மூன்று பேரைத்தான் அனுப்புவார்கள், இவன் நான்காவதாக இருப்பான். யாரும் அவனுக்கு வஞ்சகம் செய்யவில்லை. முன்னால் வந்த மூன்று பேரும் நிஜமாகவே அவனைவிடக் கொஞ்சம் வேகம். மெடல் வாங்கியவர்களுக்கு அரசு வேலை கிடைத்தது. நான்காவதாக வந்தவன் முகாம் முடிந்ததும் ஊருக்கு வந்து அப்பாவோடு உப்பு வாரினான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்தாயிற்று. மனைவி பூங்கொடி, அனுமந்தைக்காரி.

ஒரு மழைக்காலத்தில் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினான். உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றது, யாருக்கும் வேலை இல்லை. சாலையோரம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பேசினோம்.

"வசந்தி, நான் வெளிநாடு போறேன். அவங்களுக்காக நடக்கப் போறேன்."

எந்த நாடு என்று சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். பணம் நிறைய, ஆட்கள் குறைவு. விளையாட்டுக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கிற நாடு. அவனோடு முகாமில் இருந்த ஒருவர் மூலமாக வந்த வாய்ப்பு.

"நம்ம பாஸ்போர்ட்?" என்று கேட்டேன்.

"நம்முது குடுத்துடணும். அவங்க ஒண்ணு குடுப்பாங்க."

"ஊருக்கு வரணும்னா?"

"விசா எடுத்துக்கினு வர்றதுதான். குயிலாப்பாளையத்துல பாரு, வெள்ளக்காரங்க வருஷக்கணக்கா இருக்கறாங்க. அவங்க மாதிரி நானும் வந்து டீ குடிச்சிட்டுப் போறேன்." சிரித்தான்.

"அங்க போயும் தோத்துட்டா என்னா பண்ணுவ?"

சிரிப்பு நின்றுவிட்டது. "இங்க இருந்து மட்டும் ஜெயிச்சிட்டனா? நாலாவது ஆளு எங்க இருந்தா என்னா வசந்தி?"

போகாதே என்று சொல்ல, இருந்தால் இது கிடைக்கும் என்று ஒன்றையாவது காட்ட வேண்டும். சுற்றிலும் தண்ணீர்தான் தெரிந்தது.

போனான். ஒரு நாட்டுக்காக நடந்தவர் இன்னொரு நாட்டுக்காக நடக்கச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த வருஷங்களில் அவன் எந்தக் கொடிக்கும் கீழே இல்லை. அங்கே ஒரு விடுதியில் வைத்து, சாப்பாடு போட்டு, பயிற்சி கொடுத்தார்கள். நேரம் கிடைக்கும்போது எனக்குப் போன் செய்வான். ரோடு நன்றாக இருக்கிறது என்பான், ஷூ நல்ல ஷூ என்பான். "பேச்சுத் துணைக்குத்தான் ஆளு இல்ல. என் பேரக் கூட மாத்திட்டாங்க வசந்தி. அவங்க வாய்க்கு நம்ம பேரு வர மாட்டேங்குதாம். அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்பிப் பாக்கறதுக்கே எனக்கு ரொம்ப நாளாச்சி."

அந்தக் காத்திருப்பில்தான் அவன் அப்பா இறந்தார். உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் வரப்பில் சாய்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஏழுமலை அன்றைக்கே கிளம்பப் பார்த்தான். அவன் கையில் இருந்தது வேற்று நாட்டுப் பாஸ்போர்ட். சொந்த அப்பா சாவுக்கு வர இந்தியாவிடம் விசா கேட்டு வரிசையில் நின்றான். நடுவில் விடுமுறை நாட்கள் வந்தன. இங்கே ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். அடுத்த நாளும் பார்த்தார்கள். பெரியவர்கள் இனிமேல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அங்கே இருந்தேன். பூங்கொடி போனைப் பெட்டிக் கண்ணாடிக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். திரையில் அவன் முகம் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் கிட்டப் புடி, பூங்கொடி. மூஞ்சி தெரியல. கண்ணாடில லைட்டு அடிக்குது" என்றான். அவள் சாய்த்துப் பிடித்தாள், இந்தப் பக்கம் வந்து பிடித்தாள். எப்படிப் பிடித்தாலும் பந்தலில் கட்டியிருந்த டியூப் லைட் கண்ணாடியில் விழுந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். விசா வந்தபோது காரியமும் முடிந்திருந்தது. அவன் வரவில்லை. "வந்து என்னாத்தப் பாக்கறது?" என்றான்.

அதற்குப் பிறகு எனக்குப் போன் செய்வதைக் குறைத்துவிட்டான். காத்திருப்பு முடிந்து புதுச் சட்டையோடு போட்டிகளில் இறங்கினான் என்று மட்டும் தெரியும். முதல் போட்டிகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. வயதும் ஏறிக்கொண்டிருந்தது.

ஆசிய நாடுகளுக்கான போட்டி ஒன்றுக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டில், கடலோர நகரம். போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால் எதிரே ஏழுமலை. இளைத்து, கன்னம் ஒட்டி, நெஞ்சில் வேறொரு நாட்டின் பெயர். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. நடுவர்கள் வீரர்களோடு உட்கார்ந்து பேசக் கூடாது. அதனால் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்றே பேசினோம்.

"எப்டி இருக்கற வசந்தி? ஊர்ல மழையா?"

"மழதான். உனக்கு எப்டிப் போவுது?"

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பாஸ்போர்ட்டு முடியப் போவுது. இந்தத் தடவ மெடல் வந்தாதான் புதுசு பண்ணுவாங்களாம். இல்லன்னா கெளம்புன்னு சொல்லிட்டாங்க. வாயாலதான் சொன்னாங்க. எங்க கெளம்பறது, சொல்லு? நம்முதுதான் குடுத்துட்டனே."

"ஏழுமலை, நாளைக்கு நான் ஜட்ஜு. இத நீ எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது."

அவன் என்னைப் பார்த்தான். "கேக்கறதுக்காகச் சொல்லல. சொல்றதுக்கு வேற ஆளு இல்ல."

அவன் கெஞ்சியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்திருந்தால் மறுநாள் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை நேராகத் தலைமை நடுவரிடம் போனேன். இந்த வீரர் என் ஊர்க்காரர், சின்ன வயதிலிருந்து பழக்கம், அவருடைய நிலைமை எனக்குத் தெரியும், என்னை மாற்றிவிடுங்கள் என்றேன். அவர் தூர தேசத்துக்காரர், நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். ஒரு நடுவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார், ஏற்கெனவே ஆள் குறைவு, உன்னையும் எடுத்தால் ஒரு வளைவு காலியாக இருக்கும் என்றார். இந்தச் சின்ன உலகத்தில் எல்லோருக்கும் யாரையாவது தெரியும், நீ கால்களைப் பார், போதும் என்றார். முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்வேன். அது சரியான காரியம். சொன்னதால் என்ன ஆயிற்று என்று கேட்டால், எதுவும் ஆகவில்லை.

என்னைத் தூரத்து வளைவில் நிறுத்தினார்கள். காலையிலேயே புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முன்னால் இரண்டு பேர் தனியாகப் போய்விட்டார்கள். மூன்றாவதாக எங்கள் இந்தியப் பையன் ஒருவன், சின்ன வயது, அழகான சுத்தமான நடை. அவனுக்குப் பின்னால் ஏழுமலை. மறுபடியும் நான்காவது.

பாதிப் போட்டியில் ஏழுமலையின் கால் தரையைவிட்டு லேசாக எழும்புவது போல இருந்தது. மஞ்சள் வட்டைக் காட்டினேன். பார்த்தான், தலையை ஆட்டினான், வேகத்தைக் குறைத்தான். சரியாகிவிட்டது. அடுத்தடுத்த சுற்றுகளில் அவன் காலில் குறையே இல்லை. மற்ற இடங்களில் மற்ற நடுவர்கள் என்ன பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. அட்டைகள் ஏறுகிற பலகை முடிவுக்கோட்டுப் பக்கம் இருந்தது, நான் நின்ற இடத்திலிருந்து தெரியாது.

கடைசிச் சுற்று. முன்னால் போன இரண்டு பேரும் என்னைக் கடந்து போனார்கள். அடுத்து இந்தியப் பையன், அவனுக்கு ஒட்டினாற்போல் ஏழுமலை. வளைவில் நுழையும்போது பக்கத்தில் வந்தான். வளைவிலிருந்து வெளியே வரும்போது, எனக்கு நேர் எதிரே, அவனைத் தாண்டினான்.

இரண்டு காலும் தரையில் இல்லை.

நான் ஒருமுறை பார்த்து எழுதுகிறவள் இல்லை. அடுத்த அடியையும் பார்த்தேன். அதற்கடுத்த அடியையும் பார்த்தேன். ஷூவுக்கும் ரோட்டுக்கும் நடுவில் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. மயிரிழை அல்ல, நன்றாகத் தெரிந்தது. ஏழுமலை ஓடிக்கொண்டிருந்தான்.

ஒரு சிவப்பு அட்டை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துக்குள் எனக்குப் பூங்கொடி ஞாபகம் வந்தாள், பெண் குழந்தை ஞாபகம் வந்தது. எழுதாமல் இருக்க ஏதாவது நியாயம் இருக்கிறதா என்று மனசு தேடியது. அது மட்டும் இல்லை. தாண்டப்பட்டவன் என் நாட்டுப் பையன். எனக்குத் தெரியாமல் எனக்குள்ளே அந்தப் பையனுக்காக ஒரு கை எழுதப் பார்க்கிறதோ என்றும் பயமாக இருந்தது. இரண்டு பக்கமும் இழுக்கிறபோது எது என் சொந்தப் புத்தி என்று உட்கார்ந்து யோசிக்க யாரும் அவகாசம் தருவதில்லை. கடைசியில் மிஞ்சியது கண் பார்த்தது மட்டும்தான். வீரரின் எண்ணையும் குற்றத்தின் குறியையும் எழுதி, அட்டை சேகரிக்க வந்தவரிடம் கொடுத்தேன்.

முடிவுக்கோட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது ஏழுமலை தரையில் மண்டியிட்டிருந்தான். மூன்றாவதாக வந்துவிட்டான். அந்த நாட்டு அதிகாரிகள் அவனைத் தூக்கி நிறுத்தி, கொடியைத் தோளில் போர்த்தி, முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் வைத்த பெயரைச் சொன்னார்கள். அவன் கையைத் தூக்கினான். அழுதுகொண்டே சிரித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் நான்காவது இல்லை.

தலைமை நடுவர் சிவப்பு வட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். கடைசி நேரத்தில் மூன்றாவது அட்டை வந்தால் முடிந்த பிறகுதான் சொல்ல முடியும், அதுதான் விதி. அவர் வட்டைக் காட்டியதும் ஏழுமலை தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாருக்கோ காட்டுகிறார் என்று நினைத்து.

முதலிரண்டு அட்டைகளும் வேறு வளைவுகளில் வேறு நாட்டு நடுவர்கள் எழுதியவை. மூன்றாவது என்னுடையது.

அந்தக் கொடியை ஓர் அதிகாரி அவன் தோளிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டு போனார். முரட்டுத்தனமாக எடுக்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தார்.

வெண்கலம் இந்தியப் பையனுக்குப் போயிற்று. அவன் பாவம், ஒன்றும் அறியாதவன். எங்கள் அணியோடு வந்த ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சூப்பர் மேடம்! கரெக்ட் டைம்ல போட்டீங்க!"

"காலு தூக்கிச்சு சார். யாரா இருந்தாலும் போட்டிருப்பேன்" என்றேன்.

"ஆமாமா, அப்டித்தான் சொல்லணும்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

ஏழுமலை தரப்பில் எதிர்ப்பு தெரிவித்தார்கள். இந்திய நடுவர் இந்திய வீரருக்காக வேண்டுமென்றே எழுதிவிட்டார் என்று புகார். விசாரித்தார்கள். தலைமை நடுவர் எனக்காகப் பேசினார், காலையிலேயே இவர் விலகிக்கொள்ளக் கேட்டார் என்று சொன்னார். புகார் தள்ளுபடியாயிற்று. ஆக, என் கை சுத்தம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவரும் நம்பவில்லை. நம் ஆட்கள் நன்றியோடு பார்த்தார்கள், எதிர்த்தரப்பினர் வெறுப்போடு பார்த்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்.

ஊருக்கு வந்தால் பள்ளியில் பிரேயரில் வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று கெஞ்சினேன். நம்ம டீச்சரால இந்தியாவுக்கு மெடல் என்று தலைமையாசிரியர் மைக்கில் சொன்னார், பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டு, மெடல் இழந்தவன் நம் மரக்காணத்துக்காரன் என்று எப்படிச் சொல்வது? வெளியேற்றப்பட்டவருக்கு ஒரு வேற்று நாட்டுப் பெயர்தான் இருந்தது.

சொன்னபடியே அவனை அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் மிச்சம் இருந்த கொஞ்ச நாளை வைத்து டூரிஸ்ட் விசா எடுத்து, சுற்றுலாப் பயணியாக மரக்காணம் வந்து சேர்ந்தான். முன்னாள் இந்தியர்களுக்கென்று ஓர் அட்டை உண்டு, அதை வாங்கி வைத்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். மெடல் வாங்கிய கையோடு அதை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறான். விசாவை நீட்டிக்க ஓர் அலுவலகத்துக்குப் போனபோது கூடப் போயிருந்த பூங்கொடி என்னிடம் சொன்னாள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்: "உங்க நாட்டுக்கு எப்ப திரும்பறீங்க?"

"இதான் சார் என் ஊரு. மரக்காணம்."

"அது தெரியுதுங்க. உங்க நாட்டுக்கு எப்ப போறீங்க?"

விண்ணப்பத்தில் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்ற இடத்தில் தன் வீட்டு விலாசத்தை எழுதி, யாருடைய வீடு என்ற இடத்தில் மனைவி பெயரை எழுதியிருக்கிறான். ஒருமுறை நீட்டித்தார்கள். பிறகு பாஸ்போர்ட்டே காலாவதியாகிவிட்டது. காலாவதியான பாஸ்போர்ட்டில் விசா ஒட்ட முடியாது. புதுப்பிக்க வேண்டிய நாடு இவர் எங்கள் ஆள் இல்லை என்கிறது. மறுபடி இந்தியனாக வேண்டுமென்றால், முறையான விசாவில் வருஷக்கணக்காக இங்கே இருந்திருக்க வேண்டுமாம். சென்னையில் ஒரு வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். அது நடக்கிறது.

நான் அவனைப் பார்க்கப் போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. என்ன முகத்தோடு போவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க என்னிடம் தப்பு இல்லை. தப்பு இல்லாமல் ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பதுபோல் கஷ்டம் எதுவும் இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன்.

உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். கை கால் எல்லாம் வெள்ளை பூத்திருந்தது. வெளிநாட்டுக்காரன் வேலை செய்யக் கூடாது என்பதால் அவன் பேரில் கூலி இல்லை, பூங்கொடி பேரில் இவன் வாருகிறான். ரோட்டுப் பக்கம் வருவதில்லை. திண்டிவனம்கூடப் போவதில்லை. யாராவது நிறுத்திப் பேப்பர் கேட்டுவிட்டால் என்ற பயம். எத்தனையோ நாட்டு ரோட்டில் நடந்தவன்.

"வா வசந்தி, உக்காரு" என்றான். பூங்கொடி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றுகொண்டாள். ஊர்க்கதை பேசினோம். பேச்சு தீர்ந்துபோயிற்று. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நெஜமா ரெண்டு காலும் தூக்கிச்சா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். போட்டி முடிந்துவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது. நான் எந்த வளைவிலும் நிற்கவில்லை. ஒரு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். 'சரியாத் தெரியல ஏழுமலை, ஒருவேள நான் தப்பாப் பாத்திருப்பேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாருடைய மெடலும் மாறியிருக்காது. ஆனால் இத்தனை வருஷமாகப் பார்த்ததைச் சொல்லியே பழகிய வாய். அவனிடம் பொய் சொல்வது அவனை மட்டமாக நினைப்பது என்றும் எனக்குப் பட்டது.

"தூக்கிச்சு" என்றேன். "மூணு அடி பாத்தேன். நெஜமாவே தூக்கிச்சு."

டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்குத் தெரியல" என்றான். "அந்த நேரத்துல காலு எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியல." பிறகு, "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு எழுந்தான். வெயில் தாழ்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் வார வேண்டியிருக்கிறது என்று கிளம்பினான். வரப்பில் சாதாரணமாக நடந்து போனான், எல்லோரும் நடப்பதுபோல.

பூங்கொடி என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். ரோட்டோரம் நின்ற பிறகுதான் பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா, நீங்க வேணும்னே தப்பாப் போட்டீங்கன்னுதான் அவரு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தாரு. எல்லார்கிட்டயும் அப்டித்தான் சொல்லுவாரு. நான் தோக்கல, என்னத் தோக்கடிச்சிட்டாங்கன்னு. அதச் சொல்லித்தான் காலைல எழுந்துப்பாரு. அவருகிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதயும் எடுத்துட்டீங்களே அக்கா."

பாண்டிச்சேரி பஸ் வந்தது. அவளே கையைக் காட்டி நிறுத்தினாள். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.